ஆய்வுக்கு வரும் குழுவின் செலவு யார் கணக்கில்?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் தனியார் முதலீடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அரசின் பணம் தெரிவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை திறந்து 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்திய நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் கால்பதித்த ரெனோ–நிஸான் என்று நிறுவனங்களின் பெயர்கள் சாலையோரப் பலகைகளிலேயே படிக்கக் கிடைக்கின்றன. அந்த ஆலைகள் நிற்கும் நிலத்தைக் கையகப்படுத்தியது, சாலையும் மழைநீர் வடிகாலும் அமைத்தது, தண்ணீர் கொண்டுவந்தது, வரிச் சலுகையாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது ஆகியவையோ அரசின் கணக்கிலும், 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட்டின் கணக்கிலும் பதிவாகி, ஆண்டுதோறும் அச்சாகும் தடித்த ஏடுகளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அந்த ஏடுகளைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பதற்கென்று சட்டமன்றம் வைத்திருக்கும் கருவிதான் குழு. பிறர் செலவைக் கேள்வி கேட்கும் அந்தக் குழுவுக்கும் செலவு உண்டு என்பதும், அது எந்த நிதியிலிருந்து, யார் கையொப்பத்தில், எந்தத் தலைப்பில் வழங்கப்படுகிறது என்பதும் பொதுவெளியில் அதிகம் பேசப்படாதவை. அந்தச் செலவின் தடம் சட்டப்படி தெளிவானதே என்றாலும், ஒரு குழு ஓராண்டில் மொத்தம் எவ்வளவு செலவிட்டது என்ற எளிய கேள்விக்கு அரசின் எந்த ஏட்டிலும் ஒரே வரியில் விடை கிடைக்காதபடி அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் 234 உறுப்பினர்களும் ஒன்றுகூடி ஒவ்வொரு துறையின் ஒவ்வொரு செலவையும் ஆராய்வது நடவாத காரியம் என்பதால், அந்தப் பணி சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. செலவு முடிந்த பின் தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளை விசாரிப்பது பொதுக் கணக்குக் குழு. செலவுத் திட்டங்களில் சிக்கனத்துக்கு வழி உண்டா என்று பார்ப்பது மதிப்பீட்டுக் குழு. சிப்காட், மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் போன்ற அரசு நிறுவனங்களை ஆராய்வது பொது நிறுவனங்கள் குழு. அமைச்சர்கள் அவையில் அளித்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று தொடர்ந்து கவனிப்பது உறுதிமொழிக் குழு. மக்கள் நேரடியாக அனுப்பும் மனுக்களை எடுத்துக்கொள்வது மனுக்கள் குழு. இவற்றில் மூத்தது பொதுக் கணக்குக் குழு. பிரிட்டனில் 1861இல் பிறந்த இந்த ஏற்பாடு, மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் விளைவாக 1921இல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது மத்தியில் இருந்த குழுவுக்கு அரசின் நிதி உறுப்பினரே தலைவராகவும், நிதித் துறையே அலுவலகமாகவும் இருந்தன. செலவுக்குப் பொறுப்பானவரே செலவை விசாரிக்கும் குழுவுக்கும் தலைமை தாங்கிய அந்த முரண்பாடு, 1950இல் குழு அவைத் தலைவரின் பொறுப்பின்கீழ் வந்தபோதுதான் நீங்கியது. குழுவின் சுதந்திரமும் குழுவின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பிரிக்க முடியாதவை என்பதற்கு இந்த 29 ஆண்டு வரலாறே போதிய சான்று.

பணம் புறப்படும் இடம்

மாநில அரசுக்கு வரும் வரி, கட்டணம், கடன் அனைத்தும் சேரும் பொதுப் பெட்டகத்தை அரசமைப்புச் சட்டத்தின் 266ஆவது பிரிவு மாநிலத்தின் தொகுப்பு நிதி என்று குறிக்கிறது. சட்டத்தின் வழியாக அன்றி அதிலிருந்து ஒரு ரூபாயையும் எடுக்க முடியாது. அரசு தன் செலவுத் தேவையை மானியக் கோரிக்கைகளாகப் பிரித்து 203ஆவது பிரிவின்படி அவையின் முன் வைக்க வேண்டும். அவை வாக்களித்து ஏற்ற தொகைகளைத் திரட்டி 204ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் இயற்ற வேண்டும். இந்த விதிக்குச் சட்டமன்றமே விலக்கன்று. தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் முதல் எண் கொண்ட மானியக் கோரிக்கை மாநிலச் சட்டமன்றத்துக்கு உரியது. ஆளுநரும் அமைச்சரவையும்கூட அதற்கு அடுத்த எண்ணில்தான் வருகிறார்கள். பேரவைத் தலைவர், துணைத் தலைவர் ஆகியோரின் சம்பளமும் படிகளும் மட்டும் 202ஆவது பிரிவின்படி தொகுப்பு நிதியின்மீது நேரடியாகச் சாட்டப்பட்ட செலவுகள், அதாவது அவை விவாதிக்கலாமே தவிர வாக்கெடுப்பால் குறைக்க முடியாதவை. நடுநிலை காக்க வேண்டியவரின் ஊதியம் பெரும்பான்மையின் விருப்பத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே இதன் காரணம். குழுக்களின் செலவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது வாக்கெடுப்புக்கு உட்பட்டது.

ஒதுக்கப்பட்ட பணம் எதற்காகச் செலவாயிற்று என்பதைக் காட்ட, இந்தியா முழுவதற்கும் பொதுவான ஓர் எண் வரிசை இருக்கிறது. நான்கு இலக்கப் பெருந்தலைப்பு அரசின் பணி எது என்பதைக் காட்டும். அதன் கீழ் மூன்று இலக்கச் சிறுதலைப்பு அந்தப் பணிக்குள் உள்ள திட்டத்தையோ அமைப்பையோ காட்டும். அதற்கும் கீழே துணைத்தலைப்பும் விவரத் தலைப்புகளும் சம்பளம், பயணச் செலவு, அலுவலகச் செலவு என்று செலவின் தன்மையைக் காட்டும். நாடாளுமன்றம், சட்டமன்றங்கள் ஆகியவற்றுக்கு உரிய பெருந்தலைப்பின் எண் 2011. இது ஆண்டைக் குறிப்பதன்று. அதன் கீழ் 101 சட்டமன்றப் பேரவை, 102 சட்டமன்ற மேலவை, 103 சட்டமன்றச் செயலகம், 104 சட்டமன்ற உறுப்பினர் விடுதி என்று சிறுதலைப்புகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த மேலவைக்குக்கூட இந்தப் பட்டியலில் தனி எண் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இயங்கும் குழுக்களுக்கு இல்லை.

தனித் தலைப்பு இல்லாததால் குழுவின் செலவு பிறக்கும்போதே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. உறுப்பினர்களின் பயணப்படியும் தினப்படியும் பேரவைக்கான தலைப்பில் போகின்றன. குழுவுக்குக் குறிப்புத் தயாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்து, அறிக்கை எழுதும் அலுவலர்களின் சம்பளமும் பயணமும் செயலகத்தின் தலைப்பில் போகின்றன. 187ஆவது பிரிவு ஒவ்வொரு சட்டமன்றத்துக்கும் அரசுத் துறைகளிலிருந்து பிரிந்த தனிச் செயலகம் இருக்க வேண்டும் என்கிறது. குழுக்களுக்கென்று தனியே பணியாளர் தொகுதியோ தனி வங்கிக் கணக்கோ கிடையாது. அந்தச் செயலகத்தின் பிரிவுகள்தான் ஒவ்வொரு குழுவுக்கும் அலுவலகமாகச் செயல்படுகின்றன.

ஒரகடத்துக்கு ஒரு நாள்

ஒரு கள ஆய்வை எடுத்துக்கொண்டால் இந்தச் சிதறல் துலக்கமாகும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக ரூ.706.50 கோடி மதிப்பில் சிப்காட்டால் கட்டப்பட்டது. பொது நிறுவனங்கள் குழுவோ மதிப்பீட்டுக் குழுவோ இதைப் போன்ற ஒரு பணியை நேரில் பார்க்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேரவை வளாகத்துக்கு வெளியே குழு கூடுவதற்குப் பேரவைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்ததும் குழுவின் பயண நிரல் உறுப்பினர்களுக்கும், காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கும், தொடர்புடைய துறைகளுக்கும், கழகத்துக்கும் அனுப்பப்படும்.

சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து ஒரகடத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். இரவு தங்க வேண்டியதில்லை. ஆயினும் செலவின் பெரும்பகுதி அந்த 50 கிலோமீட்டரில் இல்லை. கன்னியாகுமரியிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் உறுப்பினர்களைச் சென்னைக்கு வரவழைப்பதில்தான் அது இருக்கிறது. இந்தப் பயணத்துக்கான படிகளுக்கு அடிப்படை தமிழ்நாடு சம்பளம் வழங்கல் சட்டம், 1951. பெயர் சம்பளத்தை மட்டும் சொன்னாலும், அமைச்சர்கள், உறுப்பினர்கள் ஆகியோரின் சம்பளமும் படிகளும் இந்தச் சட்டத்தையும் இதன்கீழ் வகுத்த விதிகளையும் ஒட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. 2017 ஜூலையில் உறுப்பினரின் மாதாந்தரத் தொகை ரூ.55,000இலிருந்து ரூ.1,05,000ஆக உயர்த்தப்பட்டபோது நாளிதழ்களில் பெரும் விவாதம் நடந்தது. மாதத் தொகை எல்லோருக்கும் ஒன்றே. குழுக் கூட்டத்துக்கான பயணப்படியும் தினப்படியும் ஒவ்வொருவரும் எத்தனை கூட்டங்களுக்கு எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து மாறும். உண்மையான உழைப்பின் தடம் இரண்டாவதில்தான் பதிகிறது. விவாதம் என்னவோ முதலாவதோடு நின்றுவிட்டது.

படி பெறுவதற்கு ஆதாரம் வருகைப் பதிவேடு. குழுக் கூட்டத்தில் உறுப்பினர் இடும் கையொப்பம்தான், அவர் அன்று அரசுப் பணியில் இருந்தார் என்பதற்கான சான்று. அதை வைத்துச் செயலகத்தில் பயணப்படிப் பட்டியல் தயாராகும்; பயணம் தொடங்கிய இடம், சேர்ந்த இடம், தேதி, நேரம், பயண முறை ஆகியவற்றை உறுப்பினர் சான்றளிக்க வேண்டும். பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுக் கருவூலத்துக்கு அனுப்பும் அதிகாரம் பெற்றவரை அரசு நடைமுறையில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்பார்கள். தவறான தொகை வழங்கப்பட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. மாவட்டங்களில் கருவூலம் செய்யும் வேலையைச் சென்னையில் சம்பளக் கணக்கு அலுவலகம் செய்கிறது. ஒதுக்கீட்டில் பணம் மீதி இருக்கிறதா, விதி இடம் தருகிறதா, அனுமதி ஆணை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்த்த பின்னரே தொகை வங்கிக் கணக்குக்குப் போகும். முன்பு காகிதப் பட்டியல்களாக நகர்ந்த இந்த வேலை இப்போது களஞ்சியம் என்று பெயரிட்ட கணினி அமைப்பில் நடக்கிறது.

எல்லாச் செலவுக்கும் முன்கூட்டியே ரசீது இருக்க முடியாது. அவசரத் தேவைக்கு ரசீதுகள் இல்லாமலே ஒரு தொகையைச் சுருக்கப் பட்டியல் மூலம் முன்பணமாகப் பெற்று, செலவு முடிந்ததும் ரசீதுகளோடு விரிவான பட்டியலைத் தாக்கல் செய்து நேர்செய்யும் முறையை எல்லா மாநிலங்களும் பின்பற்றுகின்றன. நேர்செய்யாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சுருக்கப் பட்டியல்களைத் தணிக்கை அறிக்கைகள் நாடெங்கும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. முன்பணம் பெற்ற அன்றே அது செலவாகக் கணக்கில் ஏறிவிடுவதால், விரிவான பட்டியல் வராத வரை அந்தப் பணம் உண்மையில் செலவானதா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னவை 2011 என்ற பெருந்தலைப்புக்குள் அடங்குபவை. ஒரகடத்து ஆய்வின் எஞ்சிய செலவுகள் வேறு வீடுகளுக்குப் போகின்றன. குழுவை வரவேற்று உடன்வரும் வருவாய்த் துறையினரின் வாகனமும் எரிபொருளும் 2053 மாவட்ட நிர்வாகத்தில்; பாதுகாப்புக்கு நிற்கும் காவலர்களின் ஊதியம் 2055 காவல் துறையில்; தங்க நேர்ந்தால் பொதுப்பணித் துறை மாளிகையின் பராமரிப்பு 2059 பொதுப்பணியில்; ஆய்வுக்குப் பின் அறிக்கை அச்சாகும்போது அரசு அச்சகத்தின் செலவு 2058 எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில். பொதுக் கணக்குக் குழு கூடும்போது உதவிக்கு அமரும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தினர் மத்திய அரசின் பணியாளர்கள் என்பதால், அவர்களின் ஊதியம் தமிழ்நாட்டின் நிதியிலேயே சேராமல் 2016 தணிக்கை என்ற தலைப்பில் இந்திய அரசின் கணக்கில் நிற்கிறது. இவற்றில் எந்தப் பதிவும் தவறில்லை. ஒவ்வொரு துறையும் தன் பணியாளருக்கும் தன் வாகனத்துக்கும் தான் செலவிட்டதைத் தன் தலைப்பில் எழுதுவதுதான் முறை. ஆனால் ஐந்தாறு ஏடுகளில் பிரிந்து கிடக்கும் இந்தத் துண்டுகளை ஒட்டவைத்து, வல்லம் வடகாலில் நடந்த ஆய்வுக்கு இவ்வளவு ஆயிற்று என்று சொல்லும் கடமை அரசில் யாருக்கும் இல்லை.

விசாரிக்கப்படுபவர் வீட்டு விருந்து

சிதறலைவிட ஒருபடி மேலான சிக்கல், எந்த அரசுத் தலைப்பிலும் வராத செலவு. பொதுத்துறை நிறுவனத்தைப் பார்க்கச் செல்லும் குழுவுக்கு வாகனமும் மதிய உணவும் தேவைப்பட்டால் தங்குமிடமும் அந்த நிறுவனமே ஏற்பாடு செய்வது, நாடாளுமன்றக் குழுக்கள் உட்பட இந்தியா முழுவதும் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். கழகம் என்பது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான தனி அமைப்பு. அதன் பணம் தொகுப்பு நிதியைச் சேர்ந்ததன்று. அது செய்யும் செலவு அதன் சொந்த இலாப நட்டக் கணக்கில் இதர செலவுகளோடு கலந்துவிடும். ஆகவே, ஒரு கழகம் நிலத்தை உரிய விலைக்கு ஒதுக்கியதா, ஒப்பந்தத்தை முறையாக வழங்கியதா என்று விசாரிக்க வரும் குழுவின் ஒரு நாள் செலவில் ஒரு பகுதியை விசாரிக்கப்படும் கழகமே ஏற்கிறது; அந்தச் செலவு சட்டமன்றத்தின் கணக்கில் ஒருபோதும் தோன்றுவதில்லை.

தொகை சிறிது என்பதை இதற்குப் பதிலாகச் சொல்ல முடியாது. நீதிபதி வழக்காளியின் காரில் ஏறி இடத்தைப் பார்வையிடச் சென்றால், அந்தக் காரின் எரிபொருள் செலவு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். குழு அரசுக்கு எதிராக எழுதும் ஒவ்வொரு வரியின் வலிமையும், குழு யாருக்கும் எதற்கும் கடன்படவில்லை என்ற நம்பிக்கையைப் பொறுத்தது. மக்களவைச் செயலகம் இதை உணர்ந்தே, சுற்றுப்பயணக் குழுக்களுக்கு ஆடம்பர ஏற்பாடுகள் கூடாது, பரிசுப் பொருள் கூடாது என்ற நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. நெறிமுறை அளவைக் குறைக்கிறதே தவிர, செலவை ஏற்பவரை மாற்றவில்லை. அரசு ஊழியரின் பயணப்படி விதிகளில் ஒரு நல்ல கோட்பாடு உண்டு: உணவும் தங்குமிடமும் இலவசமாகக் கிடைத்தால் தினப்படி குறையும். உபசரிப்பைக் கணக்கில் காட்டினால்தான் அந்தக் கோட்பாட்டுக்குப் பொருள் உண்டு. உபசரிப்பு வேறொரு நிறுவனத்தின் ஏட்டில் புதைந்திருக்கும் வரை, படி வழங்கும் அலுவலரால் அதைச் சரிபார்க்க முடியாது.

கணக்கு திரும்பி வரும் வழி

மாதந்தோறும் கருவூலங்களும் சம்பளக் கணக்கு அலுவலகங்களும் தங்கள் கணக்கையும் செலவுச் சீட்டுகளையும் மாநிலக் கணக்காயருக்கு அனுப்புகின்றன. செயலகம் தன் பதிவேட்டில் உள்ள தொகையை அங்குள்ள தொகையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டில் ஒரு தலைப்பில் மிச்சமும் மற்றொன்றில் பற்றாக்குறையும் இருந்தால் அதே மானியத்துக்குள் மறு ஒதுக்கம் செய்யலாம். ஒரு மானியத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. வாக்கெடுப்புக்கு உட்பட்ட தொகையையும் சாட்டப்பட்ட தொகையையும் ஒன்றோடொன்று கலக்கவும் முடியாது. மொத்தமே போதவில்லை என்றால் ஆண்டு முடிவதற்குள் துணை மானியக் கோரிக்கை கொண்டுவர வேண்டும். அதையும் மீறிச் செலவாகிவிட்டால் அது மிகுசெலவு எனப்பட்டு, 205ஆவது பிரிவின்படி பின்னர் அவையின் வாக்கைப் பெற்றே முறைப்படுத்தப்பட வேண்டும். மார்ச் 31க்குப் பின் மானியம் வாரியாக ஒதுக்கமும் செலவும் ஒப்பிடப்பட்டு நிதி ஒதுக்கக் கணக்குகள் என்ற ஏடு தயாராகிறது. நாளிதழ்கள் சிஏஜி என்று குறிக்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கைகளோடு சேர்ந்து அது 151ஆவது பிரிவின்படி ஆளுநர் வழியாக அவைக்கு வருகிறது. அவையிலிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது.

அந்த ஏட்டின் முதல் மானியம் சட்டமன்றத்துக்கே உரியது. தொகுப்பு நிதியிலிருந்து செல்லும் எல்லாச் செலவையும் தணிக்கை செய்யும் கடமை, தணிக்கையரின் கடமைகளையும் அதிகாரங்களையும் வகுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி அவருக்கு உண்டு. சட்டமன்றச் செயலகத்தின் செலவுச் சீட்டுகளும் அதில் அடங்கும். அவையின் நடவடிக்கைகளுக்கு உள்ள சிறப்புரிமை அவையின் பயணப்படிப் பட்டியல்களுக்குக் கவசமாகாது. இருந்தாலும், சட்டமன்றத்தின் செலவில் குறை கண்டால் அது இறுதியில் போய்ச் சேரும் இடம் சட்டமன்றத்தின் குழுவே. இது தவிர்க்க முடியாத வட்டம். இறையாண்மை கொண்ட அவைக்கு மேல் இன்னொரு அவை இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து பார்க்கும் ஒரே கண் பொதுமக்களுடையது என்பதால், அவர்களுக்குப் புரியும் வடிவில் கணக்கைக் கொடுப்பது இங்கே மற்ற துறைகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்தத் தொழிற்பட்டைக்கு இந்த வட்டத்தோடு நேரடி உறவு ஒன்று இருந்தது. 2021இல் அமைந்த 16ஆவது சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர், ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதியின் உறுப்பினரான காங்கிரஸ் கட்சியின் கு. செல்வப்பெருந்தகை. மாநிலத்தின் மிகப்பெரிய தொழில் முதலீடுகள் குவிந்த தொகுதியின் பிரதிநிதி, மாநிலத்தின் மொத்தச் செலவையும் விசாரிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியது பொருத்தமான அமைப்பு. குழு பல மாவட்டங்களுக்கும் சென்று கள ஆய்வு நடத்தியது. மக்களவையில் 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே இந்தக் குழுவுக்குத் தலைவராக இருப்பது மரபு. காங்கிரஸ் 2021 தேர்தலை, அதில் வென்று ஆட்சி அமைத்த தி.மு.க.வின் கூட்டணியில் நின்று சந்தித்த கட்சி என்பதை வைத்துப் பார்த்தால், அந்த மரபின் உயிர் இங்கே முழுமையாகக் காக்கப்பட்டது என்று சொல்வது கடினம். யார் தலைவர் என்ற கேள்வியும் யார் செலவில் ஆய்வு என்ற கேள்வியும் ஒன்றையே, அதாவது குழு அரசிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையே, இரு பக்கங்களிலிருந்து கேட்கின்றன.

செய்யாத ஆய்வின் விலை

குழுக்களின் செலவைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்தும் உடன்வருகிறது. சுற்றுப்பயணங்கள் வீண், குழுக்கள் ஊர் சுற்றுகின்றன என்ற எளிய முடிவுக்கு வாசகர் வந்துவிடக்கூடும். அந்த முடிவு தவறானது. அதனால் ஆதாயம் அடைபவர்கள் கேள்வி கேட்கப்பட விரும்பாத அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் மட்டுமே. ஆலை வாயிலில் நின்று வடிகாலைப் பார்ப்பதற்கும், கோப்பில் வடிகால் அமைக்கப்பட்டது என்ற வரியைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் வாழ்பவர்கள் அறிவார்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையில் கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி இதற்குச் சான்று. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. வெள்ளத்தைக் கையாண்ட விதம் குறித்துத் தணிக்கையர் தனியே ஆய்வு செய்து, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்ற கடுமையான முடிவுக்கு வந்தார். அந்த அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளத்துக்கும் அறிக்கை அவைக்கு வந்ததற்கும் இடையில் இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. குழு அதை எடுத்துக்கொள்வதும், துறை விளக்கம் தருவதும், குழு பரிந்துரைப்பதும், பரிந்துரை மீது துறை நடவடிக்கை எடுத்ததா என்று பார்ப்பதும் அதற்குப் பின்னர்தான் தொடங்கவே முடியும். ஏரியைப் பார்க்க ஒரு குழுவை அனுப்ப ஆகும் பயணப்படி, அந்த வெள்ளத்தில் ஒரு தெரு இழந்ததற்கு ஈடாகாது. குழுவின் செலவு அதிகம் என்பது இங்கே குறையன்று. அது பயனோடு சேர்த்துக் காட்டப்படாததால் குறைவாகச் செலவிடுவதே நல்லது என்ற தோற்றம் பிறக்கிறது என்பதுதான் குறை.

நோக்கியா ஆலையும் அதே பாடத்தை வேறு வகையில் தருகிறது. அரசோடு ஒப்பந்தம் செய்து சலுகைகளோடு வந்த நிறுவனம் எட்டே ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்தியபோது, கொடுத்ததற்கும் பெற்றதற்கும் கணக்குப் பார்க்கும் பொறுப்பு தெருவில் நின்ற தொழிலாளர்களுடையதன்று. அது சட்டமன்றக் குழுக்களின் பணி. அவ்வாறான கணக்கைப் பார்க்கக் குழுவுக்கு வரி நிபுணரும் கணக்கு வல்லுநரும் தேவை. அவர்களை அமர்த்தத் தனி நிதி தேவை. இன்றைய தலைப்பு அமைப்பில் அப்படிப்பட்ட நிதியைக் கோருவதற்கான இடமே குழுவிடம் இல்லை.

பிற அவைகள் செய்வது

கனடாவின் மக்களவையில் நிலைக்குழுக்களின் தலைவர்கள் சேர்ந்த ஓர் ஒருங்கிணைப்புக் குழு, எல்லாக் குழுக்களுக்கும் பணத்தைப் பங்கிட்டுத் தருகிறது. நிதியாண்டு முடிந்ததும் எந்தக் குழு எத்தனை முறை கூடியது, சாட்சிகளை வரவழைக்க எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு, காணொளி வசதிக்கு எவ்வளவு, கூட்ட நேர உணவுக்கு எவ்வளவு என்று குழு வாரியாக அறிக்கை வெளியிடுகிறது. பிரிட்டன் மக்களவையின் கூட்டத்தொடர் வாரியான விவரத் திரட்டில் ஒவ்வொரு குழுவின் ஒவ்வொரு பயணமும், சென்றவர்களும், செலவும் இடம்பெறுகின்றன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு குழுவும் இரண்டாண்டுக்கான தன் செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்து வாதிட்டுப் பெற வேண்டும்; செலவானதைச் சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஏட்டில் காணலாம், 2009 முதல் அது இணையத்திலும் கிடைக்கிறது. இந்த நாடுகளின் குழுக்கள் நம் குழுக்களைவிட நேர்மையானவை என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. செலவைக் குழு வாரியாகக் காட்டுவதால் எந்த அவையின் கண்ணியமும் குறைந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி. கனடாவின் ஏட்டில் ஒரு குழுவின் மதிய உணவுச் செலவைப் படிக்கும் வாசகர், அதே ஏட்டிலேயே அந்தக் குழு கேட்ட சாட்சியங்களின் எண்ணிக்கையையும் படிக்கிறார்.

தமிழ்நாட்டில் இன்று இந்த விவரத்தைப் பெற நினைப்பவருக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே வழி. சட்டமன்றச் செயலகமும் அதன்கீழ் ஒரு பொது அதிகார அமைப்பு; பேரவைத் தலைவர் அதற்கு உரிய அதிகாரி. அவையின் சிறப்புரிமையை மீறும் தகவலை மறுக்க 8ஆவது பிரிவு இடம் தருகிறது. குழுவில் நடந்த விவாதத்தை அது காக்கலாம், குழுவுக்கு ஆன செலவைக் காக்க அதில் இடமில்லை. ஆனால் கேட்பவர் செயலகத்திடமிருந்து பெறுவது செயலகத்தின் ஏட்டில் உள்ளதை மட்டுமே. வாகனத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், மாளிகைக்குப் பொதுப்பணித் துறைக்கும், உணவுக்கு உரிய கழகத்துக்கும் தனித்தனியே மனுப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு வடிவில் பதில் தரும்.

இதை மாற்ற அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெருந்தலைப்புகளும் சிறுதலைப்புகளும்தான் நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றின் கீழே துணைத்தலைப்பு திறப்பது மாநில அரசு மாநிலக் கணக்காயரைக் கலந்துகொண்டு செய்துகொள்ளும் வேலை. 2011இன் கீழ் சட்டமன்றக் குழுக்கள் என்று ஒரு துணைத்தலைப்பைத் திறந்து, உறுப்பினர் பயணம், அலுவலர் பயணம், தங்குமிடம், உணவு, வாகனம், வல்லுநர் ஊதியம் என்று விவரத் தலைப்புகளை அதன்கீழ் வைத்து, மாவட்ட நிர்வாகமும் கழகங்களும் குழுவுக்காகச் செய்யும் செலவை அந்தத் தலைப்பிலிருந்து ஈடு செய்துவிட்டால், ஒரகடத்தில் குழு உண்ட மதிய உணவின் செலவு முதல் கன்னியாகுமரி உறுப்பினரின் பயணப்படி வரை முதல் எண் மானியத்துக்குள்ளேயே வந்து நிற்கும். குழு தன் அறிக்கையை அவையில் வைக்கும்போது, வருகை தந்த உறுப்பினர்களின் பட்டியலை இப்போது சேர்ப்பதைப் போலவே, அந்த ஆய்வுக்கு ஆன செலவையும் அதன் பின்னிணைப்பில் ஒரு பக்கமாகச் சேர்த்துவிடலாம். அதற்குத் தேவைப்படுவது நிதித் துறையின் ஓர் ஆணையும் பேரவைத் தலைவரின் ஒரு நெறிமுறையும்தான். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான மதிப்பீடுகளைச் செயலகம் நிதித் துறைக்கு அனுப்பும்போதே இரண்டையும் முடித்துவிடலாம்.